கை எட்டாத இடம்

கடவுள் மனிதனைப் படைத்தபோது நிதானமாக யோசித்துத்தான் செய்திருக்கிறார். கண் எங்கே, காது எங்கே, பிற்காலத்தில் கண்ணாடி மாட்டத் தோதாக மூக்கு எங்கே என்பது வரை குறை சொல்ல இடமில்லை. ஒரே ஒரு விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார். சொந்த முதுகு சொந்தக் கைக்கு எட்டாது!

நம்பவில்லையா? பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முயற்சி செய்து பாருங்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை... சரி சரி, விடுங்கள். மேனேஜர் பார்க்கிறார். 'இடுப்பு வரைக்கும் கை போகுதே' என்று வாதாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. போகும். போய்ச் சேரும்போது அதில் பலம் இருக்காது. கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்த விருந்தாளி மாதிரி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும்.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நான் ஷார்ஜா வரை போகவேண்டியிருந்தது.

★

நமக்குச் சொந்த ஊர் சுசீந்திரத்துக்குப் பக்கம். உத்தியோகம் துபாயில், ஒரு கம்பெனியில் கணக்கெழுதுவது. படுக்கை மட்டும் ஷார்ஜாவில். துபாயில் சம்பாதித்து ஷார்ஜாவில் தூங்குவது அங்கே பெரிய ஜாதி. வாடகை குறைவு. குறைந்த வாடகையை ரோட்டில் டிராஃபிக் வட்டியோடு வசூல் செய்துவிடும். காலையில் கம்பெனி வேனில் ஒன்றரை மணி நேரம், ஆபீஸ் நாற்காலியில் ஒன்பது மணி நேரம், திரும்பும்போது மறுபடி வேனில் இரண்டு மணி நேரம். மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம் உட்கார்ந்தே இருப்பேன். எங்கள் ஊர் தாணுமாலயன் கோயில் ஆஞ்சநேயர்கூட நின்றுகொண்டுதான் இருக்கிறார்!

ரூமில் ஆறு பேர். மூன்று இரட்டை அடுக்குக் கட்டில். இரண்டு மலையாளிகள், ராஜபாளையத்து எலெக்ட்ரீஷியன் ஒருவர், கரீம்நகர்க்காரர் ஒருவர், வேன் ஓட்டும் பெஷாவர் பாய், அப்புறம் நான். எனக்கு மேல் கட்டில். அந்த மெத்தையில் எனக்கு முன்னால் படுத்தவர், அவருக்கு முன்னால் படுத்தவர் எல்லோருடைய உருவமும் பள்ளமாகப் பதிந்திருந்தது. தினமும் மூன்று தலைமுறைகளின் மடியில்தான் தூங்கினேன்.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. தும்மினேன். அவ்வளவுதான். இடுப்பில் யாரோ சாவி போட்டுப் பூட்டிய மாதிரி இருந்தது. நிமிர முடியவில்லை. வாஷ்பேசினைக் கும்பிட்டபடி நிற்கிறேன். வெளியே மலப்புரத்துக்காரர் கதவைத் தட்டுகிறார்.

"சேட்டா, கழிஞ்ஞோ?"

கழிஞ்ஞுபோச்சு சேட்டா. என் ஆயுசே கழிஞ்ஞுபோச்சு!

★

வலி வந்தவனுக்கு முதலில் கிடைப்பது மருந்து இல்லை, யோசனை. ரூமில் ஐந்து பேரும் ஐந்து வைத்தியம் சொன்னார்கள். பெஷாவர் பாய் கடுகெண்ணெய் என்றார். மலையாளிகள் தேங்காயெண்ணெய் என்றார்கள், அதிலும் உருக்கியதா ஆட்டியதா என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். ராஜபாளையத்துக்காரர்தான் அபாயமான ஆசாமி.

"நீங்க கன்னியாகுமரி மாவட்டம்தானே? உங்க ஊர்ல எல்லாருக்கும் வர்மம் தெரியுமாமே! உங்களுக்கே முதுகுவலியா?"

'இந்தியன்' படம் வந்தது 1996-ல். அன்றிலிருந்து எங்கள் மாவட்டத்துக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் இதே தொல்லை. பஸ்ஸில் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி 'ரெண்டு டிக்கெட்' என்று கேட்டால்கூடக் கண்டக்டர் இரண்டடி பின்வாங்குகிறார். எனக்குத் தெரிந்த ஒரே பிடி, மாதக் கடைசியில் பர்ஸைப் பிடிக்கிற பிடிதான்.

மூன்று மாதம் ஓட்டினேன். மூன்று மாதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் அதை 'நாள்பட்ட வலி' என்பார்கள். வலியும் ஊழியர்தானே, அதற்கும் பணி நிரந்தரம் உண்டு!

ஆபீஸில் மூச்சுவிடவில்லை. கல்ஃபில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். விசாவுக்கான மெடிக்கலில் ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். முதுகை யாரும் கேட்பதில்லை. அதனால் நாமும் சொல்வதில்லை. சொன்னால் 'பாவம், ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க' என்று சிரித்துக்கொண்டே டிக்கெட் போட்டுவிடுவார்களோ என்று பயம். ஊரில் வீடு பாதியில் நிற்கிறது. வீட்டுக்கே இன்னும் முதுகெலும்பு முளைக்கவில்லை, என் முதுகெலும்பை யார் பார்ப்பது?

★

மசாஜ் செய்துகொண்டால் சரியாகும் என்றார்கள். துபாயில் மசாஜுக்குப் பஞ்சமில்லை. நிறுத்திவைத்த காரை எடுக்கப் போனால் கண்ணாடியில் நாலு கார்டு செருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் படம். வாழ்க்கையில் முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாத முகம். அந்த நம்பருக்குப் போன் செய்யாதீர்கள், போனால் அடித்துப் பிடுங்கும் கும்பல் உண்டு என்று போலீஸே எச்சரித்திருக்கிறது. ஆனாலும் எங்கள் பில்டிங்கில் ஒரு பையன் போனான். பர்ஸ், போன், வாட்ச் மூன்றையும் கொடுத்துவிட்டு உடம்பு லேசாகித் திரும்பி வந்தான். வெட்கத்தில் போலீஸுக்கும் போகவில்லை.

நான் முறையாக லைசென்ஸ் வாங்கிய இடமாகத் தேடிப்போனேன். கராமாவில் ஒரு கேரள வைத்தியசாலை. மரத்தோணி போன்ற மேஜையில் குப்புறப் போட்டு, பாலக்காட்டுக்காரர் ஒருவர் முக்கால் மணி நேரம் எண்ணெய் போட்டு உழிந்தார். சொர்க்கம்! குறட்டை விட்டேன். எழுந்தபோது இருபத்தைந்து வயது இளைஞன் போல நடந்தேன். மறுநாள் முப்பது. அதற்கு மறுநாள் நாற்பது. நாலாம் நாள் காலை என் அசல் வயதையும் தாண்டி அறுபதில் போய் நின்றேன். ஒரு தடவைக்கு 150 திர்ஹம். மாதம் நாலு தடவை என்றால் 600. என் முதுகு என்னைவிட அதிகமாகச் செலவு செய்ய ஆரம்பித்தது.

அடுத்து ஒரு தாய்லாந்துக்காரர். அந்த மசாஜ் சாதாரணமில்லை. பாங்காக்கில் வாட் போ என்ற கோயிலில் சொல்லிக்கொடுக்கிற பரம்பரைக் கலை, 2019-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அந்த விவரமெல்லாம் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், ஒல்லியான ஒரு மனிதர் தன் முழங்காலை என் இடுப்பில் வைத்து, என் இரண்டு கையையும் பின்னால் இழுத்து, "ரிலாக்ஸ் சார்" என்று சொன்னதுதான். வில் மாதிரி வளைந்து கிடப்பவன் எப்படிய்யா ரிலாக்ஸ் ஆவான்? 'அம்மா' என்று நான் கத்தியதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்த மேஜையில் கிடக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா கோட்டாறு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். சாயங்காலம் வந்ததும் திண்ணையில் குப்புறப் படுப்பார். "லே மக்கா, வந்து ஏறி மிதி." நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் நடப்பேன். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை. "கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்... நில்லு." கூலி ஒரு கடலைமிட்டாய். என் வாழ்க்கையில் முதல் சம்பளம் அதுதான். அவருக்கு வலிக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது. விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

★

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் நாலாவது, ஐந்தாவது கட்டைகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். "ஆபரேஷன் தேவைப்படலாம்" என்றார். அவர் சொன்ன தொகையில் ஊரில் என் வீட்டுக்கு மாடியே எடுத்துவிடலாம். பிதுங்கியது டிஸ்க் மட்டுமில்லை, என் கண்ணும்தான்.

அன்றிலிருந்து நான் மனிதனாக நடமாடவில்லை. கண்ணாடிப் பாத்திரமாக நடமாடினேன். குனிய மாட்டேன். பேனா விழுந்தால் புதுப் பேனா வாங்குவேன். இடுப்பில் ஒரு பெல்ட். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'டிஸ்க் இருக்கா, வெளியே வந்துட்டுதா' என்று தடவிப் பார்ப்பேன். லீவு சொல்லிவிட்டு திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறினேன். நாலு மணி நேரம் ஸீட்டில் ஆணி அடித்த மாதிரி இருந்தேன்.

வாசலில் பார்த்ததுமே அம்மா சொன்னாள்: "என்னலே மக்கா, கெழவன் மாதிரி நடக்கே! நாளைக்கே ஆசானப் பாத்துட்டு வா. ஒங்கப்பாவையும் அவருதான் பாத்தாரு."

★

ஆசான் என்றால் எங்கள் பக்கத்தில் வாத்தியார் இல்லை. சிலம்பமும் அடிமுறையும் சொல்லிக்கொடுப்பவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவர், வர்மம் கொண்டவனை எழுப்பி உட்கார வைப்பவர், எல்லாம் அவரேதான். உடம்பில் வர்மம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது கணக்கு. அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அடியை இளக்கவும் தெரிந்தால்தான் ஆசான். சினிமா பாதியைத்தான் காட்டியது!

மார்த்தாண்டம் தாண்டி, முஞ்சிறைப் பக்கம் ஓட்டு வீடு. போர்டு கிடையாது. எண்ணெயும் கஷாயமும் கலந்த வாசனைதான் போர்டு. திண்ணையில் ஏழெட்டுப் பேர். தென்னையிலிருந்து விழுந்தவர், குனிந்து குனிந்து ரப்பர் பால் வெட்டி இடுப்பு போனவர், கபடியில் தோள் இறங்கிய கல்லூரிப் பையன், லீவில் வந்த சவுதி நர்ஸ். எல்லோரும் அவரவர் வலியைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மாத வலியோடு போன நான்தான் அங்கே ஜூனியர்.

எனக்கு முன்னால் நாற்பது வயசுக்காரர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆசானுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அந்த மனிதரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"காலு ரெண்டும் மரக்கா?"

"மரக்கு ஆசானே."

"மூத்திரம் போறது தெரியுகா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு நாளா சரியாத் தெரியல்ல" என்றார்.

ஆசான் எழுந்தேவிட்டார். "இது எங்கிட்டே இல்ல. நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போலாம்னு நிக்காதிய. இப்பமே!" ஆட்டோவை அவரே கூப்பிட்டு ஏற்றிவிட்டார். கூட வந்தவர் நீட்டிய ரூபாயைத் திருப்பி அவர் சட்டைப் பையிலேயே செருகினார்.

எனக்கு அப்போதுதான் அந்த மனிதர்மேல் நம்பிக்கை வந்தது. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர் கையில் என் முதுகைக் கொடுக்கலாம். காலில் பலம் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, முதுகுவலியோடு காய்ச்சலும் காரணமில்லாத மெலிவும் வருவது... இதிலெல்லாம் தடவுவதற்கு இடமில்லை. ஆஸ்பத்திரிதான். இந்த ஒரு பாராவை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பஜ்ஜி மடிக்கக் கொடுத்தாலும் பரவாயில்லை.

★

என் முறை வந்தது. ஸ்கேன் கவரை நீட்டினேன்.

"படத்தப் பொறவு பாக்கலாம். ஆள மொதல்ல பாக்கேன்."

செருப்பைப் பார்த்தார். வலது குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது. நடக்கச் சொன்னார். மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு காலாக மடக்காமல் தூக்கிப் பார்த்தார். அந்த ஷார்ஜா டாக்டரும் இதையேதான் செய்தார், ஏசி ரூமில். பிறகு விசாரணை. எத்தனை மணி நேரம் உட்காருகிறேன், எதில் படுக்கிறேன், எப்போது தூங்குகிறேன், கடன் எவ்வளவு...

"கடனுக்கும் முதுகுக்கும் என்ன ஆசானே?"

"சொமக்கது எதுல? முதுகுலதான?"

ஏழு நாள் தடவல். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கஷாயம். அதன் கசப்பு எப்படி என்றால், வேப்பெண்ணெய்க்கே அதைக் குடித்தபிறகு சர்க்கரை போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். புளி கிடையாது, தயிர் கிடையாது. ஊருக்கு வந்தும் மரச்சீனிக் கிழங்கும் புளிவிட்ட மீன்கறியும் கண்ணால் பார்க்க மட்டும்.

சித்த வைத்தியத்தில் இந்தத் தடவலுக்குத் 'தொக்கணம்' என்று பெயர். அது ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் மெஸ்கர் என்ற டாக்டர் இதே மாதிரி கைவேலைகளை வகை பிரித்து எஃப்ளூராஜ், பெட்ரிஸாஜ் என்று பிரெஞ்சில் பெயர் வைத்தார். இன்று உலகம் பூராவும் மசாஜ் பார்லர் சுவர்களில் தொங்குவது அந்தப் பெயர்கள். நமக்கு 'அமுக்கு', 'பிடி', 'தட்டு' போதும். மிச்சத்தை வலியே மொழிபெயர்த்துக்கொள்ளும்.

ஆசான் கை ஒரு தினுசு. கராமாவில் கிடைத்தது தூக்கம். இங்கே தூங்க விடமாட்டார். விரலை வைத்து, "இங்க வலிக்கா?" என்பார். "இல்லை" என்று சொல்வதற்குள் விரல் ஒரு நூல் நகரும். "அய்யோ!" "ஆங், இங்கதான்." வீட்டுக்காரனுக்கே தெரியாத பொந்தில் ஒளிந்திருக்கும் எலியைப் பூனை பிடிப்பது மாதிரி. இரண்டு பக்கமும் வேட்டி கட்டிய வேதனையாளர்கள், நடுவில் நான். அங்கே வெட்கம் என்ற பேச்சே இல்லை.

மூன்றாம் நாள் தடவிக்கொண்டே கேட்டார். "அங்க ஒனக்கு யாரு தடவி விடுவா?"

"யாரும் இல்ல ஆசானே. தனியாத்தான் இருக்கேன்."

"ரூமுல எத்தன பேரு?"

"ஆறு பேர்."

"ஆறு பேருக்குப் பன்னெண்டு கை. ஒன் கை ரெண்டக் கழிச்சாப் பத்து. பத்துக் கைய வச்சுக்கிட்டு யாரும் இல்லேங்கான் பாரு!"

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

★

ஏழாம் நாள் தடவி முடித்ததும் முற்றத்தில் கிடந்த ஒரு தேங்காயைக் காட்டினார்.

"அத எடுத்துட்டு வா."

நான் பெல்ட்டைத் தேடினேன். "அத அங்க வையி" என்றார். கிட்டப் போனேன். குனிய வரவில்லை. வலி இல்லை, ஆனால் வரவில்லை. தேங்காய் எங்கேயோ கிணற்றுக்குள் கிடப்பது மாதிரி இருந்தது. திண்ணையில் எல்லோரும் பார்க்கிறார்கள். சவுதி நர்ஸ் வேறே பார்க்கிறார்.

"முட்ட மடக்கி இரி. தேங்காய ஒடம்போட சேத்துப் பிடி. எந்திரி."

எடுத்துவிட்டேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகத் தரையிலிருந்து ஒரு பொருளை எடுத்தேன்! உலகக் கோப்பையைத் தூக்கிய மாதிரி தேங்காயைத் தூக்கிக் காட்டினேன்.

"நடுவுவலி கொறஞ்சாச்சு. பேடிதான் பாக்கி" என்றார் ஆசான். "நான் தடவுனது பத்து நாளைக்கு இருக்கும். பொறவு நீ நடந்தாத்தான் உண்டு. மணிக்கொருக்க எந்திரிச்சு நட. சும்மா படுத்துக் கெடந்தா நான் தினம் வந்து தடவுனாலும் கொணப்படாது."

இதையெல்லாம் பெரியவர் ஏதோ அனுபவத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்துப் பார்த்தால் ஆச்சரியம். 1986-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி. திடீர் முதுகுவலிக்காரர்களில் ஒரு பகுதிக்கு ஏழு நாள் படுக்கை, மற்றவர்களுக்கு இரண்டே நாள். இரண்டு நாள் படுத்தவர்கள் குறைந்த நாளே வேலைக்கு மட்டம் போட்டார்கள். மற்றபடி குணமாவதில் வித்தியாசமில்லை. 1994-ல் இன்னொன்று. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது! அவர்கள் அது தெரியாமல் குனிந்து பேனா எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்துபோய்விட்டது, அதுதான் வித்தியாசம்.

2020 கணக்குப்படி உலகத்தில் இடுப்புவலிக்காரர்கள் 61.9 கோடி பேர். இவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நாள்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், மசாஜ் எல்லாம் அதில் இருக்கிறது. வேண்டாம் என்ற பட்டியலில் என்ன தெரியுமா? இடுப்பு பெல்ட்! ஆசான் திண்ணையில் கழற்றி வைக்கச் சொன்னாரே, அதே பெல்ட்.

வெற்றிலையில் தட்சிணை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்கேன் படத்தைக் கடைசிவரை அவர் கேட்கவே இல்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், திண்ணையில் குப்புறப் படுத்தேன். என் பையனுக்கு ஆறு வயது. "மக்கா, வந்து ஏறி மிதி." சுவரைப் பிடித்துக்கொண்டு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை நடந்தான். கூலியாக ஐஸ்கிரீம் கேட்டான். விலைவாசி ஏறிவிட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

★

ஷார்ஜாவுக்குத் திரும்பியதும் ரூமில் பிரச்சினையைக் கிளப்பினேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. சனி ராத்திரி ஆளுக்கு ஆள் முதுகு தடவிவிடுவது, அழுத்தமாக இல்லை, எலும்பில் கை வைக்காமல், சதையில் மட்டும், பைய. நான் கொண்டுவந்த எண்ணெய் பாட்டிலை நடுவில் வைத்தேன்.

ஒருத்தரும் அசையவில்லை. ராஜபாளையத்துக்காரர் செல்போனைப் பார்த்தார். மலையாளிகள் அவசரமாகத் துணி மடித்தார்கள். ஒரே ரூமில் ஐந்து வருஷமாக ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டுக்கொண்டு படுக்கிறோம். முதுகைக் காட்டச் சொன்னால் கல்யாணப் பெண் மாதிரி கூச்சம்.

கடைசியில் பெஷாவர் பாய்தான் எழுந்தார். ஐம்பத்தைந்து வயது. மலை மாதிரி ஆள். தினம் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு மூன்றரை மணி நேரம் அதே டிராஃபிக்கில் வேன் ஓட்டுகிறவர். பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். இடுப்பில் எண்ணெயை வைத்து மெதுவாகத் தேய்த்தேன். ஒரு இடத்தில் 'ஹ்ம்' என்றார்.

"எத்தனை நாளா பாய்?"

"எட்டு வருஷம்."

எட்டு வருஷம்! அவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் நான் என் ஒன்பது மாத வலியைத் தினம் புலம்பிக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லையாம். சொன்னால் லைசென்ஸைப் பற்றிக் கேட்பார்கள், வேறு டிரைவர் போட்டுவிடுவார்கள். ஊரில் மூன்று பெண்கள். எனக்கு இருந்த அதே பயம், அவருக்கு எட்டு வருஷ சர்வீஸ்.

கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். எழுந்து உட்கார்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூசி" என்றார். ஜன்னலே இல்லாத ரூமில் தூசி எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே அவரை நல்ல டாக்டரிடம் கூட்டிப்போனோம். பயப்படும்படி ஒன்றுமில்லை, நடக்கச் சொன்னார்கள். இப்போது ராத்திரி சாப்பிட்டதும் ஆறு பேரும் அரை மணி நேரம் கீழே நடக்கிறோம். ஆபீஸில் மணிக்கு ஒரு தடவை நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன். மேனேஜருக்குச் சர்க்கரை வியாதியோ என்று சந்தேகம். எனக்கு வலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவ்வப்போது எட்டிப் பார்க்கும். பழைய சிநேகிதன், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நடக்கப் போய்விடுகிறேன்.

எங்கள் சங்கத்துக்கு இப்போது பக்கத்து ரூமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். போன சனிக்கிழமை ஒன்பது முதுகு. எல்லோருக்கும் தேய்த்து முடித்துவிட்டு நான் குப்புறப் படுத்துத் திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் குறட்டை. பன்னிரண்டு கை, பதினெட்டு கை என்ற கணக்கெல்லாம் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. சரி, நமக்குக் கொடுப்பினை இல்லை என்று விளக்கை அணைத்தேன்.

இருட்டில் பெரிய கை ஒன்று என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. கடுகெண்ணெய் வாசனை.

"ரிலாக்ஸ் சாப்" என்றார் பெஷாவர் பாய்.